கட்டையை முதலில் பிணையுங்கள்: வீட்டு மரப்பட்டறையின் கருவிகளும் காப்பும்

கோலாலம்பூரில் மரவேலைக்கும் தமிழர் கைக்கும் உறவு பழையது. 1905-இல் செந்தூலில் எழுந்த ரயில்வே மத்தியப் பட்டறையில் பெட்டிகளைக் கட்டியும் பழுதுபார்த்தும் உழைத்தவர்களில் நம்மவர் ஏராளம். இன்று அந்த வேலை தாமான் வீடுகளின் போர்ச்சில் தொடர்கிறது. வார இறுதியில் சாமி மேடை, செருப்பு அலமாரி, புத்தகத் தட்டு. தைப்பூசம் நெருங்கினால் காவடிச் சட்டம். மின்கருவிகளும் எளிதாகக் கைக்கு எட்டுகின்றன. ஆனால் பெரிய பட்டறையில் காப்பு மூடி இருக்கிறதா, ஒயர் சரியா என்று பார்க்க ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். வீட்டில் அந்தப் பொறுப்பும் உங்களுடையது.

இந்த அத்தியாயத்தில் பல குறிப்புகள் வரும். ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: கட்டை அசையாதபடி பிணைத்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள். ரம்பத் தகடு எங்கே சுழலும் என்பது எப்போதும் தெரியும். நழுவுவது கட்டை; அதைப் பிடிக்கப் பாய்வது கை. கட்டை நழுவாவிட்டால் கை பாய வேண்டிய தேவையே வராது.

1. இடம்

தெரஸ் வீட்டில் இரண்டு இடங்கள் உண்டு: முன்னால் போர்ச், பின்னால் சமையற்கட்டை ஒட்டிய பின்கட்டு. போர்ச்சையே தேர்ந்தெடுங்கள். வெளிச்சமும் காற்றோட்டமும் அங்கேதான் கிடைக்கும். அதற்கு இரண்டு குறைகள் உண்டு. மாலை மழையின் சாரல் ஓரமாக உள்ளே வரும். வழவழப்பான டைல்ஸில் மரத்தூள் விழுந்தால் கால் வழுக்கும். நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு போடுங்கள். வானம் இருட்டத் தொடங்கினால் வேலையை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இடிமின்னல் நேரத்தில் ஈரத் தரையில் நின்று ஒயர்க் கருவியை இயக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

மேசையின் உயரம், கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வரும் அளவு இருக்கட்டும். பெரும்பாலானோருக்கு அது 85 முதல் 90 செ.மீ. வரை. மேசை கனமாக இருக்க வேண்டும். தள்ளினால் ஆடக் கூடாது. விளிம்பில் கிளாம்ப் மாட்ட இடம் விட்டுச் செய்யுங்கள்.

கிள்ளான், ஷா ஆலம் பகுதிகளில் வசிப்பவர்கள் 2021 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டார்கள். தாழ்வான பகுதி என்றால் கருவிப் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். நெஞ்சுயரத்துக்கு மேல் தட்டு அடித்து அதில் வையுங்கள். நீரில் மூழ்கிய கருவியைக் காயவைத்து உடனே போட்டுப் பார்ப்பது ஆபத்து. பழுதுபார்ப்பவர் திறந்து சுத்தம் செய்து சோதித்துச் சொல்லும் வரை மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாகக் குழுவிடம் வேலை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தெரஸ் வீட்டிலும் சுவர் பொதுச்சுவர்தான். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, காலையில ஒரு மணி நேரம் ரம்பம் ஓடும், குழந்தை தூங்குற நேரம் எது?" என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால், சத்தத்தால் மனக்கசப்பு வராது.

2. மின்சாரம்

நம் வீட்டுப் பிளக் மூன்று முள் உள்ளது. 13 ஆம்பியர் ஃபியூஸ் வரை தாங்கும். பழைய வீடுகளில் ஒரு கெட்ட பழக்கத்தை இன்னும் பார்க்கலாம்: இரண்டு முள் பிளக்கை நுழைப்பதற்காக சாக்கெட்டின் மேல் துளையில் பேனா மூடியைக் குத்தித் திறப்பது. அப்படித் திறக்கப்படும் சாக்கெட்டின் உள்திரை குழந்தையின் விரலிலிருந்தும் உங்கள் விரலிலிருந்தும் மின்சாரத்தைத் தள்ளிவைக்கும் கதவு. அதை ஏமாற்றித் திறந்து செருகிய முள் சரியாகப் பொருந்தாது; தளர்ந்து சூடேறும். மூன்று முள் பிளக்கையோ, சிரிம் முத்திரை உள்ள அடாப்டரையோ வாங்குங்கள்.

மின்பெட்டியில் "டி" என்று எழுதிய சிறு பொத்தானுடன் ஒரு சுவிட்ச் இருக்கும். அது மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. அதன் முகப்பில் உள்ள எண்ணைப் படியுங்கள். கையில் பிடித்து இயக்கும் கருவிகள் பயன்படும் இணைப்புக்கு 30 மில்லிஆம்பியர் அல்லது அதற்குக் குறைவான பாதுகாப்பு வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் சொல்கின்றன. தரை நனையக்கூடிய இடத்துக்கு அது 10 மில்லிஆம்பியர். உங்கள் பெட்டியில் 100 என்று மட்டும் இருந்தால், போர்ச் சாக்கெட்டுக்குத் தனியாக ஒன்று பொருத்தச் சொல்லி, உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் இணைப்பு துண்டிக்கப்படாவிட்டால் அது வேலை செய்யவில்லை என்று பொருள்.

உருளையில் சுற்றிய நீட்டிப்பு ஒயரை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுற்றியபடியே ரம்பத்தை ஓட்டினால் உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் ஒயரின் உறை உருகும். பேட்டரிக் கருவி வைத்திருப்பவர்கள் பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட வேண்டாம். சார்ஜரைத் துணிமூட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

3. பலகை

தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பால்மரம்தான். நம் தாத்தா பாட்டிகள் விடியுமுன் எழுந்து சீவிய அதே ரப்பர் மரம். 25, 30 ஆண்டில் பால் குறைந்ததும் அதை வெட்டிவிடுவார்கள். ஒரு காலத்தில் விறகுக்கும் கரிக்கும் போன அந்த மரம், இன்று மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மூலப்பொருள். வெளிர் நிறம், சீரான ரேகை, நடுத்தரக் கடினம். ரம்பத்துக்கும் உளிக்கும் இணங்கும். சிறு துண்டுகளை விரல்கோத்தது போல ஒட்டிய அகலப் பலகைகளாகக் கடைகளில் கிடைக்கும்.

பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். அதனால் வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சையும் வண்டும் தாக்கும். அதைத் தடுக்கத்தான் ஆலையில் போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்துகிறார்கள். அந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும். எனவே பால்மரத்தை வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். மருந்தேற்றிய துண்டுகளையும் பிளைவுட் துண்டுகளையும் அடுப்பிலோ ஓமத்திலோ எரிக்காதீர்கள்.

மற்ற மரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெராந்தி இலகுவானது, சட்டத்துக்கும் அலமாரிக்கும் நல்லது. மெர்பாவ் கனமானது, அழகானது; ஆனால் நனைந்தால் செம்பழுப்புச் சாயம் விடும், ஈர இரும்பு பட்டால் கறுக்கும். அதற்குத் துருப்பிடிக்காத எஃகுத் திருகுதான் ஏற்றது. செங்கால் வெயில், மழை, கரையான் எல்லாவற்றையும் தாங்கும் வைரம் பாய்ந்த மரம். மெர்பாவிலும் செங்காலிலும் முன்துளை போடாமல் திருகை ஏற்றினால் திருகின் தலை முறிந்து கையில் வரும். திருகின் உள்தண்டு அளவுக்குத் துளையிட்டு, மரையில் கொஞ்சம் மெழுகு தடவி ஏற்றுங்கள்.

பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் செங்கால் பலகை பொக்கிஷம். ஆனால் அதற்குள் புதைந்த ஆணி ரம்பப் பல்லைப் பிய்த்து முகத்தை நோக்கி எறியும். காந்தத்தால் இரு பக்கமும் தடவிப் பார்த்து, ஆணி எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகே வெட்டுங்கள்.

பலகையை வாங்கிய அன்றே அறுக்காதீர்கள். பொருள் எந்த அறைக்கோ அந்த அறையில், இடையிடையே குச்சி வைத்துக் காற்று போகும்படி அடுக்கி, ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். போர்ச்சின் ஈரக்காற்றில் இருந்த பலகை ஏர்கோன் அறைக்குள் போனால் அகலவாட்டில் சுருங்கும். இறுக்கமாகத் திருகி அடைத்த அகலப் பலகை வெடிப்பது இதனால்தான். அகலப் பலகையைத் திருகும்போது வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை போட்டுவிட்டால் மரம் அசைய இடம் கிடைக்கும்.

4. எதை முதலில் வாங்குவது

முதல் நூறு வெள்ளியைக் கிளாம்புகளில் போடுங்கள். நான்கு நல்ல கிளாம்ப் இருந்தால் கைரம்பமே போதும். கிளாம்ப் இல்லாதவருக்கு விலையுயர்ந்த ரம்பமும் ஆபத்துதான். அதன் பிறகு இந்த வரிசை:

டிரில். துளைக்கும் திருகுக்கும். சிறு துண்டில் துளையிடும்போது கையால் பிடிக்காதீர்கள். அலகு சிக்கினால் துண்டு விசிறிபோல் சுழன்று விரலை அடிக்கும்.

ஜிக்சா. வளைவு வெட்ட, பிளைவுட் அறுக்க. முதல் மின்ரம்பமாக இதுவே ஏற்றது. அலகின் பல் மேல்நோக்கி வெட்டுவதால் மேல்பக்கம்தான் பிசிறும். நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுங்கள்.

சாண்டர். 80, 120, 180 என்று தாளை ஏற்றிக்கொண்டே போங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினால் சாயம் பூசிய பின் கீறல் தெரியும்.

வட்ட ரம்பம். நேர்வெட்டுக்கு. இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

ரூட்டர். விளிம்பு வளைக்கவும் பள்ளம் எடுக்கவும். பலகையின் வெளிவிளிம்பில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நகர்த்துங்கள். மாற்றினால் கருவி கையைவிட்டு ஓடும். ஆழத்தை ஒரே இழுப்பில் எடுக்காமல் மூன்று நான்கு மி.மீ. ஆக இறங்குங்கள்.

பழைய கருவிகளையும் விட்டுவிட வேண்டாம். ஒரு கூரான உளியும் இழைப்புளியும் மூலைமட்டமும் எப்போதும் மேசையில் இருக்கட்டும். மழுங்கிய உளிக்கு அதிக பலம் கொடுக்க வேண்டும். அந்த பலம்தான் நழுவும்போது கையைக் குத்துகிறது.

5. ஒரு வெட்டு, முதலிலிருந்து முடிவு வரை

சந்தையில் அதிகம் கிடைக்கும் வட்ட ரம்பத்தின் தகடு 185 மி.மீ. விட்டம் கொண்டது. அது நிமிடத்துக்கு 5,500 சுற்று சுழன்றால், பல்லின் நுனி மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வேக வரம்பு 110. அந்த வேகத்தில் எதையும் கண்டு கையை இழுக்க மனிதனால் முடியாது. எனவே காப்பு முழுவதும் வெட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பலகையை மேசையில் நல்ல முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். வெட்டிப் போக வேண்டிய பகுதி மேசைக்கு வெளியே நீட்டியிருக்கட்டும். வைத்துக்கொள்ளப்போகும் பகுதியை இரண்டு கிளாம்பால் பிணைத்து, ஒருமுறை ஓங்கித் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி பிணையுங்கள்.

எட்டடிக்கு நாலடி முழுப் பிளைவுட் தாளாக இருந்தால் மேசை வேண்டாம். தரையில் தடித்த நுரைப்பலகை விரித்து அதன் மேல் வைத்து அறுங்கள். இரு பகுதியும் தாங்கப்பட்டிருக்கும்.

பிளக் பிடுங்கிய நிலையிலேயே தகட்டின் ஆழத்தைச் சரிசெய்யுங்கள். பலகையின் கனத்தைவிட 3 முதல் 6 மி.மீ. மட்டும் கீழே நீட்டினால் போதும். கீழ்மூடி தானாகத் திறந்து மூடுகிறதா என்று விரலால் சுண்டிப் பாருங்கள். அந்த மூடியைக் குச்சி செருகித் திறந்தே வைப்பவர்கள் உண்டு. வெட்டி முடித்துத் தொடைப்பக்கம் ரம்பத்தை இறக்கும்போதும் தகடு சில விநாடி சுழன்றுகொண்டே இருக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ரம்பத்தின் அடித்தகட்டு விளிம்புக்கும் பல்லுக்கும் உள்ள தூரத்தை அளந்து, அந்த அளவு தள்ளி ஒரு நேர்ச்சட்டத்தைக் கிளாம்பால் பொருத்துங்கள். இனி ரம்பம் அந்தச் சட்டத்தை ஒட்டி நகரும். உங்கள் கண் கோட்டைத் துரத்த வேண்டியதில்லை.

ஒயரைத் தோளுக்குப் பின்னால் போடுங்கள். இரு கைகளாலும் ரம்பத்தைப் பிடியுங்கள். தகட்டின் நேர்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். சுவிட்சை அழுத்தி, முழுவேகம் வந்த பிறகே பல் மரத்தைத் தொடட்டும். நிதானமாகத் தள்ளுங்கள், சத்தம் கம்மினால் அவசரப்படுத்துகிறீர்கள் என்று பொருள்.

வெட்டுவாய் நெருங்கித் தகட்டைக் கவ்வினால் ரம்பம் உங்களை நோக்கி எகிறும். இதுதான் கிக்பேக். பலகையின் இருபுறத்தையும் தாங்கி நடுவில் தொய்யவிடுவதுதான் இதற்கு முதன்மைக் காரணம். கவ்வுவதை உணர்ந்தால் பின்னுக்கு இழுக்காதீர்கள். சுவிட்சை விட்டு, தகடு நின்ற பிறகு ரம்பத்தை எடுத்து, தாங்கலைச் சரிசெய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

மேசை ரம்பம் வாங்குபவர்களுக்கும் இதே விதிதான். தகட்டின் பின்னால் நிற்கும் மெல்லிய ரைவிங் நைஃப் வெட்டுவாய் மூடாமல் காக்கிறது; அதைக் கழற்றி வைக்காதீர்கள். தகட்டுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கை போகும் வெட்டுக்குத் தள்ளுகட்டை பயன்படுத்துங்கள்.

6. கிரைண்டரில் மரப்பல் தகடு வேண்டாம்

இதை அழுத்திச் சொல்கிறேன். காப்பு மூடியைக் கழற்றிவிட்டு, நாலங்குல கிரைண்டரில் பல் வைத்த மரத்தகட்டை மாட்டிப் பலகை அறுக்கும் வழக்கம் நம் கட்டுமான இடங்களிலும் வீடுகளிலும் பரவியிருக்கிறது. கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுழலும். உலோகத்தைத் தேய்க்கவும் அறுக்கவும் செய்யப்பட்ட கருவி அது. மரத்தின் மேல் சமமாக உட்காரும் அடித்தகடு அதில் இல்லை. ரைவிங் நைஃப் இல்லை. பல மாதிரிகளில் சுவிட்சை ஏற்றிவிட்டால் கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். பல் ஒரு கணுவில் மாட்டினால் கருவி முகத்துக்கோ கழுத்துக்கோ தாவும். "அஞ்சு நிமிஷம்தான் அண்ணே" என்று யாராவது அப்படிக் கேட்டு வாங்க வந்தால், கிரைண்டரைக் கொடுக்காதீர்கள்; ஜிக்சாவைக் கொடுங்கள்.

7. கண், காது, மூச்சு, உடை

கண்ணாடியில் இசட்87 அல்லது ஈஎன் 166 என்ற குறி இருக்க வேண்டும். பார்வைக் கண்ணாடி இதற்கு ஈடாகாது.

மலேசியாவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த ஒலி விதிமுறைகள், வேலையிடத்தில் 8 மணி நேரச் சராசரிக்கு 85 டெசிபல் வரம்பு வைத்திருக்கின்றன. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் தாங்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது கால் மணி நேரம். வட்ட ரம்பம் அந்த அளவை எளிதாகத் தொடும். காதடைப்பான் மலிவு, இழந்த கேள்வித்திறன் திரும்பாது.

மரத்தூள் இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கிலும் அதை ஒட்டிய குழிகளிலும் வரும் புற்றுநோய் அது. சாண்டர் கிளப்பும் நுண்தூசியே மோசமானது. எம்டிஎஃப் பலகையின் தூசி இன்னும் நுண்மை. என்95 முகக்கவசம் அணியுங்கள்; மருத்துவமனை நீலக்கவசம் ஓரங்களில் காற்றை விடும். தூசியை விளக்குமாற்றால் பெருக்கினால் மறுபடி பறக்கும். வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள்.

சாரமும் ரப்பர் செருப்பும் வேண்டாம். கால்சட்டையும் மூடிய சப்பாத்தும் போடுங்கள். மோதிரம், கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டுக் காப்புக் கயிறு ஆகியவற்றைக் கழற்றிச் சாமி மேடையில் வைத்துவிட்டு வாருங்கள். கழற்றக் கூடாத கயிறு என்றால் மேலே இறுக்கமான கைப்பட்டி அணியுங்கள். சுழலும் கருவிக்குக் கையுறை கூடாது. நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

8. தின்னரும் சாமி விளக்கும்

நம் வீடுகளில் போர்ச்சின் ஓரத்திலேயே சாமி மேடை இருக்கும், மாலையில் விளக்கேற்றுவோம். அதே போர்ச்சில்தான் லேக்கர் அடிக்கிறோம். தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்ச் சுடரைத் தேடிப் பிடிக்கும். பூச்சு வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாடை முழுதும் போன பிறகே விளக்கேற்றுங்கள். என்95 கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிவடிகட்டி உள்ள கவசம் வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்துத் தொங்கவிட்டுக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடிய டின்னில் போடுங்கள். தீயணைப்புக் கருவியை வாசல் பக்கம் வையுங்கள். தீயைத் தாண்டிப் போய் எடுக்கும் இடத்தில் வைக்க வேண்டாம்.

9. அடிபட்டால்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுத்தமான துணியால் காயத்தை விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள். 999-ஐ அழையுங்கள்; நீங்களே காரோட்ட வேண்டாம். மஞ்சளும் காப்பித்தூளும் அப்ப வேண்டாம்; மருத்துவர் அதைக் கழுவி எடுப்பதற்குள் நேரம் போகும்.

விரல் துண்டாகிவிட்டால், அதை ஈரமாக்கிய சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது; பட்டால் திசு கருகிவிடும். கண்ணில் சிலாம்பு குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள், தேய்க்காதீர்கள். மூடிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

10. கூலிக்குச் செய்தால்

நண்பருக்குச் செய்தது, பிறகு நண்பரின் நண்பருக்கு என்று தொழிலாக வளர்வது நல்லது. அப்போது சொக்சோவில் பதிந்துகொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனியாக உழைப்பவரும் வேலை விபத்துக்குக் காப்பு பெறலாம். ஒரே ஓர் உதவியாளை வைத்தாலும் நீங்கள் முதலாளி. அவருக்கும் சொக்சோ கட்ட வேண்டும். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. உங்கள் போர்ச்சில் சம்பளத்துக்கு நிற்கும் தம்பியின் விரலுக்கும் நீங்களே பொறுப்பு. பாங்கியில் உள்ள நியோஷ் நிறுவனம் பாதுகாப்புப் பயிற்சிகள் நடத்துகிறது, விசாரித்துப் பாருங்கள்.

சுவிட்சைத் தொடுமுன்

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டுங்கள்.

கட்டையைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.
வெட்டிய துண்டு எங்கே விழும் என்று தெரியும்.
காப்பு மூடி தானாக மூடுகிறது.
ஆழம் சரி, தகடு கூர்மை.
ஒயர் பின்னால், தரை உலர்ந்திருக்கிறது.
கண்ணாடி, காதடைப்பான், முகக்கவசம் அணிந்திருக்கிறேன்.
கையில் மோதிரம் இல்லை; கயிறும் இல்லை, அல்லது அது கைப்பட்டிக்குள் இருக்கிறது.
பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். நான் வேலையில் இருப்பது வீட்டில் ஒருவருக்குத் தெரியும்.

ஏதாவது ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். களைப்பாக இருந்தாலும் அன்றைக்கு வெட்டு வேண்டாம். அளந்து கோடு போட்டு வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அறுங்கள்.